மேஜருக்கு எதிரே தையல் மெஷின் போட்ட பிலோமினா அக்கா

பிலோமினா அக்கா போய்விட்டார் என்று அவருடைய மகள் ஜெனிபர் போன் செய்தபோது நான் என் உப்பளத்தில் நின்றுகொண்டிருந்தேன். காலை வெயில் உப்புப் பாத்திகளில் ஏறத் தொடங்கியிருந்தது. பீரங்கிப் படையில் இருந்தவன் நான். இடது காது அங்கேயே போயிற்று, வலது காதில் பாதிதான் மிச்சம். "மாமா, அம்மா..." என்றதற்குப் பிறகு ஜெனிபர் சொன்னது எதுவும் எனக்கு விளங்கவில்லை. விளங்கத் தேவையும் இருக்கவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் படுக்கையில் அக்காவைப் பார்த்துவிட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை.

மரக்காணத்தில் அடக்கத்துக்குக் கூடிய உங்களில் பலர் பட்டாளத்துத் தொப்பியும் மெடலும் அணிந்து வந்திருந்தீர்கள். கைத்தடி ஊன்றியவர்கள், சக்கர நாற்காலியில் வந்தவர்கள், கண் தெரியாமல் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். எல்லோரும் அவரை நன்றியோடு நினைத்தீர்கள். நானும்தான். ஆனால் இந்தக் கட்டுரையை நன்றியினால் மட்டும் எழுதவில்லை. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும் வழியில் கிழக்குக் கடற்கரைச் சாலை முனையில் ஒரு பேனரைப் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன்.

கண்ணீர் அஞ்சலி பேனர். அக்காவின் படம் ஓரத்தில் சின்னதாக இருந்தது. நடுவில் பெரிதாக, தலையில் ராணுவத் தொப்பியுடன், கைகூப்பியபடி அந்த ஆள். "வீரர்களின் தாயே, உங்கள் வழியில் எங்கள் சேவை தொடரும்" என்று எழுதி, அடியில் அவனுடைய போன் நம்பர்.

அக்காவை அறிந்தவர்களுக்கு அவன் யார் என்று தெரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெயர் நந்தகோபால். 'மேஜர்' என்று தன்னை அழைக்கச் சொல்வான். ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்தவன் இல்லை. ராணுவ கேன்டீனுக்குச் சாமான் ஏற்றிப்போகும் லாரியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தான். அங்கே கேட்ட வார்த்தைகளை வைத்துக்கொண்டு, ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்குப் பென்ஷன் வாங்கித் தருகிறேன் என்று கடை திறந்தான். வக்கீல் அல்ல. எந்த அலுவலகமும் அவனை அங்கீகரிக்கவில்லை. 'வருகிற நிலுவையில் பாதி எனக்கு' என்பதுதான் அவனுடைய சேவை. அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வராது. மன்னிக்கவும் என்றுகூடச் சொல்லப்போவதில்லை.

பேனரின் கயிற்றை நான்தான் அறுத்தேன். யார் செய்தது என்று கேட்டவர்களுக்கு இதுவே பதில். இப்போது அது என் அளத்தில் ஓர் உப்புக் குவியலை மூடியிருக்கிறது. அவன் முகம் உப்பைப் பார்த்தபடி கிடக்கிறது.

அக்காவின் கணவர் அந்தோணிசாமி, ராணுவத்தில் நாயக். மலையுச்சிக் காவல் முகாமில் பனிக்காலம் முழுவதும் இருந்துவிட்டு இறங்கியபோது அவருக்கு வலிப்பு தொடங்கியது. பட்டாளத்திலிருந்து அனுப்பும் முன் மெடிக்கல் போர்டு பார்த்து, இந்த நோய்க்கும் பணிக்கும் சம்பந்தமில்லை என்று எழுதிவிட்டது. அப்படி எழுதினால் ஊனப் பென்ஷன் கிடையாது. மேல்முறையீடு செய்யலாம், அதற்கு ஒரு கெடு உண்டு. அந்தக் கெடுவுக்குள் மேஜர் அக்கா வீட்டுக்கு வந்து டீ குடித்தான். டிஸ்சார்ஜ் புத்தகம், மெடிக்கல் போர்டு காகிதம் எல்லாவற்றையும் ஒரிஜினலாகவே வாங்கிக்கொண்டு போனான்.

"எப்போ கேட்டாலும், 'டெல்லியில மூவ் ஆயிட்டு இருக்குதும்மா'ன்னுவான். ரொம்ப நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது, அப்பீலே போடல. கெடு முடிஞ்சி போச்சு. பேப்பரைத் திருப்பிக் குடுன்னா, அதுக்குத் தனியா கேக்கறான்" என்று அக்கா என்னிடம் சொல்லியிருக்கிறார்.

பென்ஷன் இல்லாததால் அந்தோணிசாமி உப்பளத்தில் கூலிக்குப் போனார். தண்ணீர்ப் பக்கம் தனியாகப் போகக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போகாமல் அடுப்பு எரியாது. ஒரு நாள் வாய்க்கால் ஓரத்தில் வலிப்பு வந்து விழுந்தார். முழங்கால் அளவு உப்புத் தண்ணீர்தான். முகம் குப்புற விழுந்தவரைத் தூக்கப் பக்கத்தில் ஆள் இல்லை.

துக்க வீட்டுக்கு மாலையோடு வந்தான் மேஜர். பெட்டியை மூடுவதற்கு முன் அக்காவை ஓரமாக அழைத்தான். "இப்போ இதை ஃபேமிலி பென்ஷனா மாத்திடலாம்மா. இங்க ஒரு கையெழுத்து போடுங்க" என்று வெற்றுத்தாளை நீட்டினான்.

"அந்த நிமிஷத்துல அழுகை நின்னுபோச்சு தம்பி. அதுக்கப்புறம் அவருக்காக நான் அழுவவே இல்ல" என்றார் அக்கா.

கையெழுத்துப் போடவில்லை. பஸ் ஏறி மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனார். அங்கே இதற்கெல்லாம் யாரும் காசு கேட்பதில்லை என்பதையே அன்றுதான் தெரிந்துகொண்டார். படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதிப்போட்டு நகல்களை வாங்கினார்கள். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுப் போட்டு, சென்னைத் தீர்ப்பாயத்தில் இலவச சட்ட உதவி வக்கீல் ஒருவர் வாதாடினார். பல வருடம் இழுத்தது. கடைசியில், மலையில் நிறுத்தியதால்தான் நோய் முற்றியது என்று ஒத்துக்கொண்டு உத்தரவு வந்தது. அதைப் படித்துச் சொன்ன வக்கீலிடம் அக்கா கேட்டது ஒரே கேள்வி. "சரிங்க சார். இதை அவரு கிட்ட யார் போய் சொல்றது?"

என் கதை அவ்வளவு பெரிதல்ல. பீரங்கிச் சத்தத்தில் காது போனதற்கு ஊனப் பென்ஷன் கேட்க நினைத்தேன். நண்பன் ஒருவன் சொன்னான் என்று காகிதங்களை மேஜரிடம் கொடுத்தேன். சில மாதம் கழித்து, உங்கள் முதுகெலும்பு பாதிப்புச் சான்றிதழ் போலி என்று தெரிகிறது, விளக்கம் தரவும் என்று கடிதம் வந்தது. எனக்கு முதுகில் ஒன்றுமில்லை. அந்த டாக்டரை நான் பார்த்ததே இல்லை. நிலுவை பெரிதாக வந்தால் பங்கும் பெரிதாக வருமென்று அவனாகவே சேர்த்திருக்கிறான். உண்மையான காதும் அந்தப் பொய்யான முதுகோடு சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாயிற்று. பட்டாளத்தில் சேர்ந்த இருபது வயதிலிருந்து என்னை யாரும் பொய்யன் என்று சொன்னதில்லை.

ஒரு தடிக் கட்டையை எடுத்துக்கொண்டு மரக்காணத்தில் அவன் ஆபீஸ் இருந்த மாடிக்குப் போனேன். படிக்கட்டின் கீழே ஒரு பெண் நின்றிருந்தார். கட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா தம்பி, கட்டையோட போற?"

"நவுருங்கக்கா."

"எந்த ரெஜிமென்ட்?"

"ஆர்ட்டிலரி."

"அடிச்சா என்னா ஆவும்? ரெண்டு தையல் போட்டுக்குவான். அப்புறம் அவன் வாதி, நீ குத்தவாளி."

"அப்போ விட்டுடச் சொல்றீங்களா?"

"விடச் சொல்லி யார் சொன்னது? மெதுவா பண்ணலாம். வலிக்கற மாதிரி பண்ணலாம்."

அன்றைக்கு நான் அவர் தம்பியானேன்.

அக்கா ஸ்கூல் யூனிபார்ம் தைத்துப் பிழைத்தவர். அடுத்த வாரமே தன் தையல் மெஷினை மேஜரின் ஆபீஸுக்கு நேர் எதிரே, டீக்கடையை ஒட்டிய ஒரு சின்ன இடத்துக்கு மாற்றினார். மெஷினை மாடிப்படியைப் பார்க்கும்படி திருப்பிப் போட்டார். காலில் வேலை ஓடும், கண் படியில் இருக்கும். பைல் பிடித்துக்கொண்டு யார் படியேற வந்தாலும் குரல் கொடுப்பார்.

"அண்ணே, மேல போறதுக்கு முன்னாடி ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க. எந்த ரெஜிமென்ட்?"

டீ முடிவதற்குள் விஷயத்தைச் சொல்லிவிடுவார். அவர் அடிக்கடி சொன்னது இது: "ஒரிஜினலைக் கேக்கறவன், வெத்துத்தாள்ல கையெழுத்து கேக்கறவன், ஓடிபி கேக்கறவன், மூணு பேரும் ஒரே ஆளுதான். சட்டை மட்டும் வேற." பிறகு நல அலுவலகத்துக்குப் போகும் பஸ் எது, போகும்போது எதன் நகலை எடுத்துப்போக வேண்டும், மனுக் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். தனியாகப் போகப் பயந்தால் கூடவே போவார். அவரால் முடியாத நாட்களில் நான் போனேன்.

எல்லோரிடமும் இனிமையாக இருந்தவர் என்று எழுதினால் அது பொய். ஒருவர் வந்து, மூட்டுவலியோடு இன்னொரு வியாதியையும் சேர்த்து எழுதினால் நல்லது என்றார். "எழுந்திரிச்சிப் போங்க" என்றார் அக்கா. "இல்லாத நோயை எழுதினா இருக்கற நோயும் பொய்யாப் பூடும். எதிர் மாடியில இருக்கறானே, அவன் தான் உங்களுக்குச் சரியான ஆளு. ஆனா அவன் கிட்டயும் போவாதீங்க." அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே போய், மறுநாள் மூட்டுவலிக்கு மட்டும் காகிதங்களோடு வந்தார்.

மேஜர் முதலில் சிரித்தான். பிறகு தன் ஆட்களை அனுப்பினான். பட்டப்பகலில் அவர்கள் மெஷினைத் தூக்கிச் சாக்கடையில் போட்டார்கள். நான் ஓடிப்போனபோது அக்கா புடவையைச் செருகிக்கொண்டு சாக்கடையில் இறங்கியிருந்தார். கண்ணில் நீர் இல்லை, முகத்தில் கிட்டத்தட்ட சந்தோஷம்.

"நாலு பேரு பாக்கத் தள்ளிட்டான் தம்பி. நாலு பேரும் சாட்சி. இதைத்தான் பாத்துட்டு இருந்தேன்."

மெஷினைக் கழுவி எண்ணெய் போட்டு மறுநாளே தைத்தார். ஆள்வரத்து குறைந்ததும் மேஜர் மரக்காணத்தைக் காலி செய்து கூனிமேட்டுக்குப் போனான். அக்கா ஒரு டெம்போ பிடித்தார். கூனிமேட்டில் அவன் போர்டு மாட்டிய ஆணியின் சூடு ஆறுவதற்குள் எதிர்ச் சாரியில் மெஷின் ஓடத் தொடங்கியது.

கூனிமேட்டில்தான் நாயப் சுபேதார் ஹனீபா பாயைப் பார்த்தோம். காலில் குண்டுத் துகள்களோடு ஓய்வு பெற்றவர். ஜமாத்திலும் வெளியிலும் அவர் பேச்சுக்கு மதிப்புண்டு. பென்ஷனைப் புது இணையதளத்துக்கு மாற்றித் தருகிறேன் என்று மேஜர் அவருடைய ஓடிபியை வாங்கி, போன் நம்பரையே தன் நம்பராக மாற்றிவிட்டான். எந்தத் தகவலும் பாய்க்கு வரவில்லை. உயிர்ச் சான்று கேட்டு வந்ததும் தெரியவில்லை. பென்ஷன் நின்றது. பாய் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்தினார். சர்க்கரை ஏறி, குண்டுபட்ட காலிலேயே புண் வந்தது.

அக்கா அவர் வீட்டில் போய் உட்கார்ந்தார். நானும் இருந்தேன். புகார் எழுதிக் கொடுங்கள் என்றதற்குப் பாய் தலையசைக்கவில்லை.

"ஊர்ல எனக்குன்னு ஒரு இஜ்ஜத்து, மரியாதை இருக்குதும்மா. ஒரு லாரிக்காரன் கிட்ட ஏமாந்தேன்னு ஸ்டேஷன்ல போய் எப்படிச் சொல்றது?"

"கால்ல குண்டு பட்டதை மறைச்சா வெச்சிருக்கறீங்க பாய்? இதுவும் முதுகுப் பக்கம் வந்த குண்டுதான். சுட்டவன் வெக்கப்படட்டும்" என்றார் அக்கா.

பாய் உள்ளே பார்த்து, "என் மூக்குக்கண்ணாடியைக் கொண்டா" என்றார். அன்று அவர் எழுதிய புகார்தான் வழக்கின் முதல் புகார். அதன் பின்னால் அக்காவுடையது, என்னுடையது, இன்னும் பலருடையது. மோசடி, போலி ஆவணம் என்று வழக்குப் பதிவாயிற்று. பாய்க்குக் காலில் பாதத்தை எடுக்க வேண்டி வந்தது. அதை நான் மேஜரின் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

வழக்கு கோர்ட்டுக்கு வந்த சமயத்தில் அக்காவின் சிறுநீரகம் கெட்டுவிட்டது தெரிந்தது. இதை மேஜரின் வக்கீலும் தெரிந்துகொண்டார். அக்கா சாட்சி சொல்ல வரும் நாளெல்லாம் வாய்தா. வக்கீலுக்குக் காய்ச்சல், வக்கீல் ஊரில் இல்லை, காகிதம் தயாரில்லை. அக்கா டயாலிசிஸ் முடித்த மறுநாள் பஸ்ஸில் வந்து, வெளியே சிமென்ட் பெஞ்சில் காத்திருந்துவிட்டுத் திரும்புவார்.

"அவன் என்னைக் கொல்லல தம்பி. நான் சாவட்டும்னு வெயிட் பண்றான். வெயிட் பண்றதுக்கு ஒரு வக்கீல் வெச்சிருக்கான்" என்றார் ஒரு நாள்.

கடைசியில் நீதிபதி, இனி வாய்தா கிடையாது என்று கண்டிப்பாகச் சொன்ன நாள் வந்தது. அக்காவின் பாதங்கள் செருப்பில் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன. வெறுங்காலோடு கூண்டுக்குப் போனார். நாற்காலி போடச் சொன்னார் நீதிபதி. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். மேஜர் வீட்டுக்கு வந்து டீ குடித்ததிலிருந்து வெற்றுத்தாள் வரை. பிறகு மேஜரின் வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணை செய்தார்.

"உங்களுக்கு என் கட்சிக்காரர் மேல பகை இருக்குது, சரிதானே?"

"இருக்குது."

"அவரைப் பழிவாங்கணும்னுதான் இந்தப் பொய்க் கேஸைப் போட்டிருக்கீங்க."

"பழிவாங்கத்தான் வந்தேன். அதுக்குப் பொய் தேவைப்படல."

நான் வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டேன். ஒரு சொல்லும் தப்பவில்லை. மேஜர் குனிந்து தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

வெளியே வந்ததும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். "முடிஞ்சிபோச்சு. குறுக்கு விசாரணையும் ஆயிடுச்சு. இனிமே நான் எப்போ செத்தாலும் அவனுக்கு லாபம் இல்ல. ஒரு சர்பத் வாங்கிக் குடு. பாதிதான் குடிப்பேன், டாக்டர் திட்டுவாரு." முழு டம்ளரையும் குடித்தார்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் பங்குச் சாமியார் நற்கருணையோடு வந்தார். நல்ல மனிதர், அக்காவிடம் மரியாதை உள்ளவர். பாவசங்கீர்த்தனம் முடிந்து, எங்களை உள்ளே அழைத்த பிறகு, மெல்லச் சொன்னார்: "அந்த நந்தகோபாலையும் மன்னிச்சிடும்மா. மனசு லேசாயிடும்."

அக்கா கண்ணைத் திறந்தார். "சாமி, என் பாவத்தை நான் சொல்லிட்டேன். அவன் பாவத்தை அவன் வந்து சொல்லட்டும். இன்னி வரைக்கும் மன்னிப்புன்னு அவன் வாயைத் திறக்கல. கேக்காதவனுக்கு நான் எதைக் குடுக்கறது?"

சாமியார் அவர் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டுப் போனார். அக்கா லேசான மனதோடு போனாரா என்று எனக்குத் தெரியாது. நிமிர்ந்த மனதோடு போனார்.

அவர் அடக்கமாகி முப்பதாம் நாள் பூசை முடிந்த பிறகு தீர்ப்பு வந்தது. குற்றவாளி. சிறைத் தண்டனை. சாட்சிகளில் முதலாவதாக அக்காவின் பெயரை நீதிபதி படித்தார். ஜெனிபர் என் கையைப் பிடித்திருந்தாள். நான் மேஜரின் முகத்தைத்தான் பார்த்தேன். வருடக்கணக்காக அந்த முகத்துக்காகக் காத்திருந்தவன் நான். அது வெளுத்தபோது எனக்கு மகிழ்ச்சி வந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. அதனால் மகிழ்ச்சி பாதியிலேயே கசந்துவிட்டது.

மேல்முறையீடு செய்ய ஜாமீன் கொடுத்தார்கள். அது சட்டம், நான் குறை சொல்லவில்லை. அதற்குள் கிளியனூரில் அவன் மச்சான் பெயரில் ஒரு புது போர்டு. போன வாரம் ஒரு சிப்பாயின் மனைவி எனக்குப் போன் செய்து, கிளியனூரில் ஒருவர் என் வீட்டுக்காரரின் ஒரிஜினல்களைக் கேட்கிறார், கொடுக்கலாமா என்றார். கொடுக்காதீர்கள் என்றேன். மறுநாள் அவரையும் கணவரையும் நல அலுவலகத்துக்கு அழைத்துப்போனேன். மனுவுக்கு ரசீது வாங்கினோம்.

இனி நான் அக்காவிடமிருந்து எடுத்துக்கொண்டதைச் சொல்ல வேண்டும். அவருடைய பொறுமையை எடுத்துக்கொண்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அது உண்மையல்ல. அவருடைய கோபத்தை எடுத்துக்கொண்டேன். கத்தாத, கை ஓங்காத, பஸ் பிடித்து வந்து பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கிற கோபம். அதை ஆறவிடாமல் வைத்திருப்பதுதான் நான் அவருக்குச் செய்யும் அஞ்சலி. உங்களில் யாருக்காவது இது நினைவஞ்சலிக்குப் பொருந்தாத பேச்சாகத் தோன்றினால், அந்தோணிசாமி விழுந்த வாய்க்காலை ஒரு முறை வந்து பாருங்கள். நான் காட்டுகிறேன்.

தீர்ப்பு நாளன்று கோர்ட்டுப் படியில் மேஜர் என்னை நிறுத்தினான். முதன்முறையாக அவன் குரல் இறங்கியிருந்தது.

"அந்தம்மாவே போயிட்டாங்க சார். நீங்களாவது என்னை விட்டுடக் கூடாதா?"

"நீ கேக்க வேண்டிய ஆளு நான் இல்ல" என்றேன். "அவங்க இருந்தப்போ, மரக்காணத்துலயும் கூனிமேட்டுலயும் உன் எதிர்லயே தான் உக்காந்துட்டு இருந்தாங்க. ரோட்டைத் தாண்டி வந்து கேட்டிருக்கலாம்."

அவன் படியிறங்கிப் போனான். மேல்முறையீட்டின் முதல் தேதி வந்திருக்கிறது. ஹனீபா பாய் செயற்கைப் பாதத்தில் நடக்கப் பழகிக்கொண்டிருக்கிறார். அன்று இருவரும் முதல் பஸ்ஸில் போகிறோம்.